மஹத்தாவுக்கு ஒருநாள் வாருங்கள்

வளைகுடா நாடுகளில் வார இறுதி மரபு நடை நடத்தும் தமிழ் நண்பர்களுக்கு,



போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை விடிகாலை பர் துபாயில் உங்களோடு நடந்தவர்களில் நானும் ஒருவன். மூட்டு வலிக்காகக் குடையை ஊன்றிக்கொண்டு கடைசியாக வந்தவன் என்றால் சிலருக்கு நினைவு வரலாம். அல் ஃபாஹிதி சந்துகளில் காற்றுக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தோம். ஈரானின் பஸ்தக்கிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள் என்று விளக்கினீர்கள். அப்ராவில் ஏறித் தேராவுக்குப் போனோம், மசாலாச் சந்தையில் குங்குமப்பூ விலையைக் கேட்டோம், வாங்காமல் திரும்பினோம். முத்துக்குளிப்பைப் பற்றி அன்று நீங்கள் சொன்னதில் பாதி, தூத்துக்குடிக்காரனான எனக்கே புதுச் செய்தி. நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தீர்கள். இந்த மடல் குறை சொல்ல எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள்.

நடை முடிந்து கரக் சாய் குடித்துக்கொண்டிருந்தபோது, ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற ஒரு பையன், "உலகப் போர் நடந்தப்போ நம்ம ஆளுங்க இங்க யாராச்சும் இருந்தாங்களா அங்கிள்?" என்று கேட்டான். பள்ளியில் அந்தப் பாடம் நடக்கிறது போலும். பக்கத்தில் நின்றவர், "பெட்ரோல் வந்த பிறகுதாம்பா நாம வந்தோம். அதுக்கு முன்னாடி இங்க மணலும் ஒட்டகமும்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. பையனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது, சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெட்ரோல் கதை. துபாயில் இந்திய அஞ்சலகம் திறக்கப்பட்டது 1909இல். இந்தக் கரையில் 1960கள் வரை கைமாறிய பணம் ரூபாய். முதலில் இந்திய ரூபாய், 1959க்குப் பிறகு நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே அச்சடித்த தனி ரூபாய். இங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் 1947 வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தது இந்திய அரசாங்கத்துக்கு. ஆக, பெட்ரோலுக்கு ரொம்ப முன்பே இந்தக் கடலின் கணக்குப் புத்தகம் நம் பக்கத்தில்தான் இருந்தது. கணக்கு அங்கே என்றால் சண்டைக்கு ஆளும் அங்கிருந்துதானே வரும்?

இனி ஷார்ஜாவுக்கு வாருங்கள். ரோலா பக்கம் போகாத தமிழர் அமீரகத்தில் இருக்க முடியாது. அங்கிருந்து சற்றுத் தள்ளி கிங் அப்துல் அஜீஸ் தெரு. சிக்னலில் காத்துக் காத்து நாம் சலித்துப்போன அந்தத் தெரு ஒரு காலத்தில் விமான ஓடுதளம். லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறந்த இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் நடுவில் இறங்கி இரவு தங்க ஓர் இடம் தேவைப்பட்டது. 1932இல் ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமி அதற்கு ஒப்புக்கொண்டார். அந்த அக்டோபரிலேயே முதல் விமானம் இறங்கியது. பயணிகள் தங்குவதற்குக் கோட்டை போல் கட்டிய விடுதிதான் இன்றைய அல் மஹத்தா அருங்காட்சியகம். மஹத்தா என்றால் நிலையம். உள்ளே பழைய விமானங்கள் நிற்கின்றன. வெளியே நம் ஆட்கள் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிறார்கள்.

1940 மார்ச் 1ஆம் தேதி இந்த நிலையத்தில் ஒரு விமானத்துக்காகக் காத்திருந்தார்கள். பெயர் ஹன்னிபால். நான்கு எஞ்சின், இரட்டை இறக்கை, அந்தக் காலத்துப் பிரமாண்டம். பலுச்சிஸ்தான் கரையிலுள்ள ஜிவானியிலிருந்து கிளம்பியது, ஷார்ஜாவுக்கு வந்து சேரவில்லை. எட்டுப் பேரோடு ஓமான் வளைகுடாவின் மேல் காணாமல் போனது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். தஞ்சைத் தரணியின் நீதிக்கட்சித் தலைவர், சென்னை மாகாண அமைச்சராக இருந்தவர், முதல் இந்தி எதிர்ப்புப் போரில் முன்வரிசையில் நின்றவர். இந்தியா மந்திரிக்கு ஆலோசகராகப் பொறுப்பேற்க லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஊரில் மேடைக்கு மேடை அவரை நினைவுகூர்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் அவர் அன்று இறங்கியிருக்க வேண்டிய ஊர், நாம் வெள்ளிக்கிழமை மீன் வாங்குகிற ஷார்ஜா என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இங்கு வந்து பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பன்னீர்செல்வம் பெரிய மனிதர். அவரை நினைக்க ஆள் இருக்கிறது. என் மனத்தில் கிடப்பது அடுத்த கதை.

அதே போரில் இந்த ஷார்ஜா நிலையம் ஆங்கிலேய விமானப் படையின் தளமாயிற்று. 244ஆம் ஸ்குவாட்ரன் இங்கிருந்துதான் கடலைக் காவல் காத்தது. 1943 அக்டோபர் 16 அன்று, யு-533 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை அந்தப் படையின் விமானம் ஒன்று ஓமான் வளைகுடாவில் மூழ்கடித்தது. 52 பேர் செத்தார்கள். ஒரே ஒருவர் தப்பினார். குந்தர் ஷ்மிட் என்ற அந்த மாலுமி மிதவைச் சட்டைகூட இல்லாமல் 28 மணி நேரம் கடலில் கிடந்து, கோர்ஃபக்கான் அருகே மீட்கப்பட்டார். 2009இல் முக்குளிப்பவர்கள் ஃபுஜைராவுக்கு அப்பால் நூறு மீட்டருக்கும் கீழே அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தபோது கதை மறுபடி ஒரு சுற்று வந்தது. குண்டு போட்ட விமானியின் பெயர் அதில் உண்டு. நீர்மூழ்கியின் தலைவன் பெயர் உண்டு. தப்பிய ஷ்மிட் பெயர் உண்டு. சரி, ஷ்மிட்டைக் கடலிலிருந்து தூக்கியது யார்? ஹிராவதி என்ற கப்பல். ராயல் இந்தியன் நேவியின் கப்பல். அதன் பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா? அந்த ஜெர்மானியனுக்குக் கைகொடுத்து ஏற்றி, தண்ணீர் கொடுத்து, போர்வை போர்த்திய கைகள் யாருடையவை என்று நான் படித்த எந்தக் கட்டுரையும் ஒரு வரி எழுதவில்லை. எதிரிக்குப் பெயர் இருக்கிறது, நம் ஆளுக்கு இல்லை.

கோர்ஃபக்கான் கடற்கரைக்கு வருடத்தில் எத்தனை முறை பிரியாணி கட்டிக்கொண்டு போகிறோம்!

இன்னும் பின்னால் போகலாம். 1914 அக்டோபர் 23. பஹ்ரைனுக்கு வெளியே கடலில் கப்பல்கள் நங்கூரமிட்டன. உள்ளே இந்தியப் படை. துருக்கியோடு போர் இன்னும் அறிவிக்கப்படவில்லை. எங்கே போகிறோம், யாரோடு சண்டை என்று சிப்பாய்களுக்குச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். பஹ்ரைன் கரையைப் பார்த்துக்கொண்டே நாட்கணக்கில் கப்பலில் கிடந்தார்கள். நவம்பர் 6 அன்று ஃபாவில் இறங்கினார்கள், அந்த மாதக் கடைசிக்குள் பாஸ்ரா அவர்கள் கையில். பிறகு நான்கு வருடம் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக், அவர்களை விழுங்கியது. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்தப் போர்முனைக்குப் போனார்கள். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் துப்பாக்கி தூக்காதவர்கள்: கழுதை ஓட்டியவர், டோலி சுமந்தவர், சமைத்தவர், தண்ணீர் மொண்டவர், சாலை போட்டவர். குத் நகரில் 1915 டிசம்பரிலிருந்து ஐந்து மாதம் முற்றுகைக்குள் கிடந்து, குதிரைக் கறி தின்று, 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பாலானோர் இந்தியர். கைதிகளாகப் பாலைவனத்தில் நடத்திக் கூட்டிப்போனபோது வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ஆங்கிலேயத் தளபதி டவுன்ஷெண்ட் மட்டும் கான்ஸ்டாண்டிநோபிள் அருகே ஒரு தீவில் வசதியான வீட்டில் சிறை இருந்தார்.

அந்தக் கூட்டத்தில் தமிழர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். பாலம் கட்டவும் பாதை போடவும் போன மதராஸ் சாப்பர்ஸ் படையினரைப் பட்டாளத்தில் இன்றும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெசபடோமியாவுக்குப் போனவர்களில் அதிகம் பஞ்சாபிகள், பட்டாணியர், கூர்க்காக்கள், மராட்டியர். தமிழர் பங்கு சின்னது. மரபு நடையில் நமக்கு ஒரு வியாதி உண்டு: எந்தக் கல்லைக் கண்டாலும் அதில் சோழனைத் தேடுவது. இந்த விஷயத்தில் அது வேண்டாம். செத்துப்போனவனைத் தமிழன், மலையாளி, பட்டாணி என்று இப்போது பிரிப்பதில் அர்த்தமில்லை. பாதித் தேசம் பாகிஸ்தானாகவும் வங்கதேசமாகவும் ஆகிவிட்ட பிறகு, அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்டாலே பதில் குழறும்.

பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1929இல் ஷத் அல் அரபு கரையில் திறக்கப்பட்டது. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. 1997இல் சதாம் ஹுசைன் ஆணைப்படி அதை அப்படியே பெயர்த்து, ஊருக்கு வெளியே நாசிரியா சாலையில் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இருந்தாலும் நான் சொல்ல வந்தது அந்த இடமாற்றத்தைப் பற்றி இல்லை. அதன் சுவரில் ஆங்கிலேயச் சிப்பாய் ஒவ்வொருவன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்திய அதிகாரிகளின் பெயரும் உண்டு. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு மட்டும் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண். இத்தனை பேர். அவ்வளவுதான்.

இது கைமறதியாக விட்டுப்போனது என்று நினைக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாயின் குடும்பம் கல்லறைக்கு வரப்போகிறதா, பெயர் எதற்கு என்று அன்று உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத வகையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயரே இல்லை, அல்லது எந்த நினைவும் இல்லை. அந்த ஆணையத்தின் கணக்குத்தான் இது.

பாஸ்ராச் சுவரைப் பற்றி முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு என் அம்மா ஊர்ச் சாவடி ஞாபகம் வந்தது. சாவடிச் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு கல் பதித்திருக்கும். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இரண்டு எண்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இப்படிக் கல் உண்டு. அந்தக் கல்லில் சாய்ந்துதான் கபடிக்கு ஆள் பிரிப்போம். போனவர் யார், எந்தத் தெரு, திரும்பாதவர் வீடு எது என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை. ஆக ஊரிலும் எண், செத்த இடத்திலும் எண். நடுவில் ஒரு மனிதன் இருந்தான்.

பையன் கேட்டது "இருந்தாங்களா" என்று. "எதிர்த்தாங்களா" என்று கேட்டிருந்தால்? அதற்கும் பதில் உண்டு. நம் நடைகளில் வரவேண்டியது முக்கியமாக இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1916 பிப்ரவரி, பாஸ்ரா. பதினைந்தாம் லான்சர்ஸ் என்ற குதிரைப்படை பிரான்ஸ் போர்முனையில் இருந்துவிட்டு அங்கே வந்திறங்கியது. படையில் இருந்தவர்கள் முல்தான் பக்கத்து முஸ்லிம்கள். டைகிரிஸ் முனைக்குக் கிளம்பச் சொன்னபோது மறுத்தார்கள். புனிதத் தலங்கள் இருக்கும் மண்ணில், சொந்த மதத்தவரை எதிர்த்து வாளெடுக்க மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். வேறு எந்த முனைக்கு அனுப்பினாலும் போகத் தயாராக இருந்தார்கள். 429 பேர் மீது இராணுவ விசாரணை நடந்தது. தீவாந்தர தண்டனை. மறு வருடம் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்கள். விஷயம் வெளியே பரவினால் வேறு பட்டாளங்களும் யோசிக்கத் தொடங்கும் என்ற பயமோ என்னவோ. இந்த 429 பேருக்கு எங்கே கல் இருக்கிறது? சாம்ராஜ்யத்துக்காகச் செத்திருந்தால் ஓர் எண்ணாகவாவது சுவரில் ஏறியிருப்பார்கள். மறுத்ததால் அதுவும் போயிற்று. அடுத்த முறை உங்களை வீட்டில் கொண்டுவிடும் டாக்சி ஓட்டுநர் முல்தான்காரரா என்று கேட்டுப் பாருங்கள். நடைக்கு அவரையும் கூப்பிடுங்கள். அவர் தாத்தா வீட்டுக் கதை நம் புத்தகங்களில் இல்லாததாக இருக்கலாம்.

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் தளத்தில் மாலுமிகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தொடங்கிய கிளர்ச்சி நமக்குத் தெரியும். 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், 20,000 பேர். அதன் அலை ஏடனுக்கும் பஹ்ரைனுக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. பஹ்ரைன் நண்பர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: ஜுஃபைரில் அன்றைய ஆங்கிலேயக் கடற்படைத் தளம் இருந்த இடத்தில் இன்று அமெரிக்கத் தளம் இருக்கிறது. வரலாற்று ஆர்வத்தில் மதிலைப் படம் எடுத்துவிட்டு, பிறகு கைப்பேசியை மீட்க அலையாதீர்கள். அந்தக் கதையைக் கடற்கரையில் உட்கார்ந்து சொன்னால் போதும்.

மஸ்கட் நண்பர்களுக்குக் கொஞ்சம் கடினமான வேலை. ரூவியில் நீங்கள் பொழுது போக்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பைத் அல் ஃபலஜ் கோட்டை இருக்கிறது, சுல்தானின் படை அருங்காட்சியகமாக. 1915 ஜனவரியில் இமாம் சாலிம் பின் ராஷித் அல் கரூசியின் ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் உள்நாட்டிலிருந்து மஸ்கட்டை நோக்கி வந்தார்கள். சுல்தான் ஆங்கிலேயர் பிடியில் இருக்கிறார், ஆயுத வணிகத்தை அந்நியர் முடக்கிவிட்டார் என்பது அவர்கள் கோபம். அவர்களைத் தடுத்து நின்று சுட்டவர்கள் சில நூறு இந்தியச் சிப்பாய்கள், 95ஆம் ரஸல்ஸ் காலாட்படையும் 102ஆம் கிரெனேடியர்ஸும். இங்கே எதிர்த்தவர்கள் ஓமானியர், அடக்கியவர்கள் நம்மவர்கள். இரண்டு பக்கமும் செத்தவன் ஏழை. சுட உத்தரவிட்டவன் ஆங்கிலேயன். இதைக் கைதட்டல் வாங்கும் விதமாகச் சொல்ல முடியாது. சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, குறிப்பாக ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார்களுக்கு. ஆனாலும் அந்தக் கோட்டை வாசலில் நின்று நம் வீரத்தை மட்டும் பாடிவிட்டு வந்தால், வீட்டுக்காரரின் முற்றத்தில் நின்று அவர் தாத்தாவைத் திட்டியது போலாகும்.

இப்படி மறக்கப்பட்டவர்களின் தடத்தில் நடப்பது புது யோசனை ஒன்றுமில்லை. நெதர்லாந்தில் நாஜிகளை எதிர்த்தவர்களில் அந்த நாட்டின் காலனிகளிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள் என்பது வெகுகாலம் யாரும் பேசாத விஷயம். சுரினாம்காரர் ஆன்டன் டி கோம் 1944இல் கைதாகி 1945 ஏப்ரலில் சான்ட்போஸ்டல் முகாமில் இறந்தார். இந்தோனேசிய மாணவர் இராவன் சுஜோனோ ரகசியப் பத்திரிகைக்கான படியெடுக்கும் இயந்திரத்தை லெய்டன் தெருவில் எடுத்துப் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அங்கே அவர்கள் தடத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத் கான் பிரான்சில் ரகசிய வானொலி இயக்கி, 1944இல் டாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். லண்டனில் அவர் வாழ்ந்த வீட்டில் நீலப் பலகை பதிக்க 2020 வரை ஆயிற்று. ஏட்டில் எழுதி வைத்திருந்தால் போதாது. தெருவில் ஆள் நடந்தால்தான் நகராட்சி கண் திறக்கிறது.

சிங்கப்பூரை நமக்கு இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். இந்திய தேசிய இராணுவத்தில் இறந்தவர்களுக்கு எஸ்பிளனேட் கடற்கரையில் நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஐம்பது வருடம் வெறும் புல்வெளி. 1995இல் சிங்கப்பூர் அரசு அங்கே ஒரு கல்வெட்டுப் பலகை வைத்தது. சின்னம் இல்லாத இடத்தில், இங்கே ஒன்று இருந்தது என்று சொல்லும் பலகை. போதும், அதைச் சுற்றி இன்று ஆட்கள் நின்று கதை கேட்கிறார்கள். அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் கேப்டன் லட்சுமியைத் தெரியும், ஜானகி தேவரைத் தெரியும், ராசம்மா பூபாலனைத் தெரியும். அவர்களோடு துப்பாக்கி பிடித்த ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், அதுவரை கையில் பால்வெட்டும் கத்தி தவிர வேறொன்றும் பிடித்திராதவர்கள், பெரும்பாலும் 'தோட்டத் தொழிலாளர்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டார்கள். பிழைக்கப் போன இடத்தில் போராளியானவர்கள். லேபர் கேம்ப்பும் தோட்டத்து லயமும் ஒன்றில்லை, ஆனால் ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்துவிட்டுக் கடல் கடந்த அந்த வழி நமக்குத் தெரியாத வழியா?

மலையாள நண்பர்கள் நடைக்கு வந்தால் தானூரைச் சொல்லுங்கள். மலப்புறம் மாவட்டம், வீட்டுக்கு வீடு ஒரு வளைகுடாக்காரர் இருக்கும் பகுதி. 1942 செப்டம்பரில் அந்தக் கரையில், ஆங்கிலேயருக்கு எதிராக ரகசிய வேலை செய்ய, ஜப்பானிய நீர்மூழ்கியிலிருந்து சில இளைஞர்கள் இறங்கினார்கள். அதில் ஒருவர் வக்கம் காதர், மலேயாவுக்குப் பிழைக்கப் போன திருவிதாங்கூர்ப் பையன். பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது வயது 26. அவரோடு ஆனந்தன், சத்யேந்திர பர்தன், ஃபௌஜா சிங். அந்தச் சிறையை 2009இல் இடித்தாயிற்று. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மருத்துவக் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. விடுமுறையில் போகும்போது பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போவீர்கள்.

"அவங்க கூலிக்குப் போன சிப்பாய்ங்கதானே, சார்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆமாம். 1914இல் சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். நாமும் சம்பளத்துக்குத்தான் வந்தோம். அதனால் நம் பெயர் வேண்டாம், எமிரேட்ஸ் ஐடி எண் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

இனி என் வேண்டுகோள். பெரிதாக ஒன்றும் இல்லை. இங்கே கல் நடவோ பலகை வைக்கவோ நமக்கு உரிமை இல்லை, இது நம் மண் இல்லை. கூட்டம் கூட்டுவதற்கும், பணம் வசூலிப்பதற்கும், வழிகாட்டியாக நிற்பதற்கும் உரிமம், அனுமதி என்று விதிகள் இருக்கின்றன. உங்களுக்குத் தெரியாததில்லை. அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சின்னக் குழுவாகப் போனால் போதும். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம், டிஷர்ட் அடிக்க வேண்டாம். ஸ்பான்சர் பேனர் கண்டிப்பாக வேண்டாம். ஒரே ஒரு ஏற்பாடு: வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பெயர் கொண்டுவர வேண்டும். ஊரில் சாவடிக் கல் இருந்தால், அந்த எண்ணுக்குள் இருந்த ஒருவரின் பெயர். பழைய ஓய்வூதியத் தாள், பெட்டியின் அடியில் கிடக்கும் பதக்கம், அத்தை சொன்ன பாதிக் கதை, எதிலிருந்தாவது ஒன்று. போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் தேடலாம். பாஸ்ராச் சுவரில் ஏறாத பெயர்கள் பதிவேட்டில் கிடக்கின்றன. அந்த நடையில் பேச்சு அவ்வளவுதான். பெயரைச் சொல்வது, ஊரைச் சொல்வது, தெரிந்தால் தொழிலைச் சொல்வது. எதிர்த்தவராக இருந்தாலும் சரி, கீழ்ப்படிந்தவராக இருந்தாலும் சரி, கழுதை ஓட்டியவராக இருந்தாலும் சரி.

எனக்கும் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அம்மாவின் சித்தப்பா மகள், தொண்ணூறு வயது. போன மாதம் வீடியோ காலில் கேட்டேன். "பஸ்ராவுக்குப் போனாரே, மேலத்தெரு… அவரைப் பஸ்ராக்காரர்னுதான்டா சொல்லுவோம்" என்றார். நிஜப் பெயர் வர இருபது நிமிஷம் ஆயிற்று. வந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. நடைக்கு வந்து சொல்கிறேன்.

முதல் நடைக்கு மார்ச் 1 சரியாக இருக்கும், ஹன்னிபால் வராமல் போன நாள். காலை ஆறரைக்கு கிங் அப்துல் அஜீஸ் தெருவின் தெற்கு முனையில் தொடங்கி, பழைய ஓடுதளத்தின் மேலேயே நடந்து, அருங்காட்சியகம் திறக்கிற நேரத்துக்கு மஹத்தா வாசலுக்கு வந்துவிடலாம். நோன்பு மாதமாக அமைந்துவிட்டால் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், கரக் சாயை மக்ரிபுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பையனை மறக்காமல் கூட்டி வாருங்கள். அவனுக்கு நான் ஒரு பதில் பாக்கி.

அன்புடன்,
குடை ஊன்றி வந்த தூத்துக்குடிக்காரன்,
ஷார்ஜா.